பிக் சைப்ரஸ் சதுப்புக்காட்டுல கிராவல் பைக் ஓட்டலாமா, முதலை துரத்துமா?

கேள்வியை முதல்ல ஒரு தடவை திரும்பச் சொல்லிடறேன், புதுசா வந்து படிக்கிறவங்களுக்கும் புரியணும். வேலைக்காக ஃப்ளோரிடால ஃபோர்ட் மையர்ஸ் வந்திருக்கீங்க, புதுசா ஒரு கிராவல் பைக், அதாவது சரளை ரோட்டுல ஓட்டுற சைக்கிள், வாங்கியிருக்கீங்க, பிக் சைப்ரஸ்ல இருக்கிற லூப் ரோடு, டர்னர் ரிவர் ரோடு ரெண்டுலயும் ஓட்டணும்னு ஆசை. ஆனா ரோட்டோரமா வரிசையா முதலை படுத்திருக்கிற வீடியோவைப் பாத்துட்டு வீட்டுல வேண்டவே வேண்டாங்கிறாங்க. நீங்க கூடலூர்க்காரர், யானை வர்ற பாதையில நடந்து வளந்தவர், ஆனா முதலை எப்படி நடந்துக்கும்னு தெரியாது. மே கடைசில ஒரு வாரம் லீவு, அப்ப தனியா போலாமா, முதலை சைக்கிளைத் துரத்துமா, அங்க சிறுத்தை கூட இருக்காமே, இதுதான் நீங்க எழுதினது. இதுல எனக்குப் படுற உண்மையான கேள்வி என்னன்னா, அந்த ரோட்டுல எது நிஜமாவே ஆபத்து, எதுக்கு சும்மா பயந்துட்டு இருக்கோம், அதை எப்படிப் பிரிச்சுப் பாக்கிறதுங்கிறது.

நான் படிச்சது வனவிலங்கு உயிரியல். தெற்கு ஃப்ளோரிடாவோட ஈரநிலங்கள்ல பல வருஷமா களவேலை பண்றேன், குளிர்காலம் வந்தா வாரக்கடைசில இதே ரோடுகள்ல புது ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் ஓட்டுவேன். முதலை, பாம்பு, தண்ணி பத்தி சொல்றதை நம்பி எடுத்துக்கலாம். வைத்தியம் சம்பந்தமா சொல்றது முதலுதவிப் பயிற்சில கத்துக்கிட்ட அளவுக்குத்தான், நான் டாக்டர் கிடையாது. அப்புறம் ரோடு நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறும், நான் இங்க என்ன எழுதினாலும் கிளம்புற அன்னைக்குக் காலைல பிக் சைப்ரஸோட ஒயாசிஸ் விசிட்டர் சென்டர்ல கேக்கிறதுதான் கடைசி வார்த்தை.

நேரா பதில், துரத்தாது. இங்க நான் முதலைன்னு சொல்றது அலிகேட்டரை, அது பதுங்கிப் பிடிக்கிற ஜாதி. தண்ணி ஓரத்துல அசையாம கிடக்கும், எட்டுற தூரத்துக்கு வந்ததை ஒரே பாய்ச்சல்ல கவ்வும், கவ்வினதும் தண்ணிக்குள்ள இழுக்கும். கரையில கொஞ்ச தூரம் வேகமா வரும்தான், ஆனா தொடர்ந்து ஓடுறதுக்கு அதோட உடம்பு தோதானது இல்ல, சீக்கிரம் களைச்சுப்போய் நின்னுடும். வளைஞ்சு வளைஞ்சு ஓடினா தப்பிக்கலாம்னு ஒரு கதை இருக்கு, அதை மறந்துடுங்க, அலிகேட்டர் கிட்ட இருந்து தப்பிக்கணும்னா தண்ணிக்கு எதிர்ப்பக்கமா நேரா போறதுதான் வழி. மசினகுடி ரோட்டுல ஒத்தை யானை மிரண்டு வர்ற மாதிரி, தூரத்துல இருந்து உங்களைக் குறிவெச்சு ஓடி வர்ற மிருகம் இந்தக் காட்டுல கிடையாது. அந்த விஷயத்துல நீங்க வளந்த ஊர்தான் இதைவிட ஆபத்து, அதை வீட்டுலயும் தைரியமா சொல்லலாம்.

ஆனா இதோட பதில் முடியல. ஃப்ளோரிடால சைக்கிள்காரங்களை முதலை கடிச்ச சம்பவம் ரெண்டு உங்களுக்குத் தெரியணும். 1996ல எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவோட ஷார்க் வேலில ஒரு ஏழு வயசுப் பையன் சைக்கிளோட சரிஞ்சு தண்ணில விழுந்தான், முதலை கவ்விருச்சு, அப்பா அம்மாவே இறங்கி இழுத்துக் காப்பாத்தினாங்க. 2021 ஜூலைல ஸ்டூவர்ட்ங்கிற ஊர்ல ஒரு பூங்காவோட சைக்கிள் பாதைல ஓட்டிட்டு இருந்த இளைஞர் பேலன்ஸ் போய் கரையில இருந்து தண்ணிக்குள்ள விழுந்தார், அங்க இருந்த முதலை அவரைக் கடிச்சுது, பிழைச்சுட்டார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதலை ரோட்டுக்கு ஏறி வரல, ஆள்தான் தண்ணிக்குள்ள போயிருக்காங்க. நான் புது ஆளுங்களுக்குச் சொல்லித் தர்றதுல முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்துல இருந்துதான் வருது. முதலையைக் கண்காணிக்கிறதைவிட உங்க முன் டயருக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு கண்காணிங்க.

அந்த இடைவெளி அங்க ஏன் இவ்வளவு கம்மின்னு புரியணும்னா ரோடு எப்படி வந்துச்சுன்னு தெரியணும். தெற்கு ஃப்ளோரிடா தட்டு மாதிரி சமதரை, ஒரு மைலுக்குச் சில அங்குலம்தான் சரிவு, அந்தச் சரிவுல தண்ணி பாய் விரிச்ச மாதிரி மெதுவா தெக்கே கடலைப் பாத்துப் போயிட்டே இருக்கும். இந்த மாதிரி ஊறின தரையில ரோடு போட மண் ஏது, பக்கத்துலயே தோண்டி சுண்ணாம்புக்கல்லை எடுத்து மேல கொட்டிதான் மேடாக்கினாங்க, தோண்டின பள்ளம் ரோட்டோடயே கால்வாயா நின்னுபோச்சு. 1928ல திறந்த டமியாமி டிரெயில் ரோடும் அப்படித்தான், டர்னர் ரிவர் ரோடும் அப்படித்தான். மழை நின்னு டிசம்பர், ஜனவரி ஆகும்போது காட்டுக்குள்ள தண்ணி வத்திப்போகும், ஆழமான கால்வாய்ல மட்டும் தண்ணி நிக்கும், மீனெல்லாம் அங்க வந்து சேரும், மீனைத் தேடி கொக்கு, நாரை, முதலை எல்லாமே வரும். நீங்க வீடியோல பாத்த கூட்டம் இதுதான். நீங்க சைக்கிள் ஓட்டுற சரளையும் முதலை கிடக்கிற பள்ளமும் ஒரே குழில இருந்து வந்தது, அதனாலதான் ஃப்ளோரிடால ஓட்டுறதுக்கு நல்ல மாசங்களும் முதலையை அதிகமா பாக்கிற மாசங்களும் ஒண்ணாவே இருக்கு.

ஃப்ளோரிடாவோட வனவிலங்குத் துறை சொல்ற கணக்கு ஒண்ணு எல்லா இடத்துலயும் வரும், ஒரு ஃப்ளோரிடாவாசி தானா சீண்டாம முதலைகிட்ட பலத்த காயம் படுறதுக்கான வாய்ப்பு 31 லட்சத்துல ஒண்ணு, மாநிலத்துல முதலை மட்டும் ஏறக்குறைய 13 லட்சம் இருந்தும் இவ்வளவுதான்னு. கணக்கு சரிதான். ஆனா அதை அப்படியே உங்க தலைக்குப் பொருத்தாதீங்க, அது ஏசி ரூமை விட்டே வெளிய வராத ஆளையும் சேர்த்துப் போட்ட சராசரி. கால்வாய் ஓரமா மணிக்கணக்கா சைக்கிள் ஓட்டுறவனுக்குத் தனியா ஒரு விகிதம் யாரும் போட்டதில்ல. மொத்தத்துல அபூர்வம்ங்கிறது உறுதி, உங்களுக்கு எவ்வளவு அபூர்வம்ங்கிறது நீங்க தண்ணிகிட்ட எப்படி நடந்துக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது.

எப்படி நடந்துக்கணும்னு சொல்றேன். ஓட்டும்போது ரோட்டோட நடுமுதுகுல ஓட்டுங்க, வண்டி வந்தா வேகத்தைக் குறைச்சு நின்னு வழி விடுங்க, ஓரத்துல வேகமா ஒதுங்காதீங்க, ஏன்னா ஓரத்துல உதிரிக்கல்லு குவிஞ்சு கிடக்கும், முன் சக்கரம் அதுல ஏறினா சறுக்கும், சறுக்கினா எந்தப் பக்கம் விழுவீங்கன்னு உங்க கையில இல்ல. போட்டோ எடுக்கணும்னா முழுசா நின்னு, கால் ஊன்றி, ரோட்டு நடுவுல நின்னபடியே எடுங்க. பஞ்சர் ஆனா இறங்கின இடத்துலயே உக்காந்து ட்யூப் மாத்த ஆரம்பிக்காதீங்க, கால்வாய் இல்லாத பக்கம், புல்லு குட்டையா இருக்கிற திறந்த இடம் வர்ற வரைக்கும் தள்ளிட்டுப் போங்க, ரிம் கொஞ்சம் அடி வாங்கினாலும் பரவாயில்ல. மதகு, சின்னப் பாலம் இருக்கிற இடத்துல தண்ணி ஓடும், மீன் கூடும், அதனால முதலையும் அங்கதான் கூடும். பாக்கிறதுக்கு அழகா இருக்குனு எல்லாரும் நிக்கிறதும் அங்கதான், லூப் ரோட்டுல ஸ்வீட்வாட்டர் ஸ்ட்ராண்ட் பக்கம் போனீங்கன்னா புரியும், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவுல கண்ணாடி மாதிரி தண்ணி, எனக்கு இந்த உலகத்துலயே பிடிச்ச இடங்கள்ல ஒண்ணு. நில்லுங்க, கண்டிப்பா நின்னு பாருங்க, ஆனா விளிம்புல குந்தி உக்காந்து கை கழுவுறது, துண்டு நனைக்கிறது, பாட்டில் நிரப்புறது எதுவும் வேண்டாம். குனிஞ்ச ஆள் முதலைக்குச் சின்ன இரையாத் தெரியும்.

குளிர் அடிச்ச மறுநாள் காலைல வெயில் வந்ததும் முதலை சூடேத்திக்க ரோட்டுக்கே ஏறி வந்து குறுக்க படுக்கும். குளிர்ல அதுக்கு எல்லாமே மந்தமாயிடும், ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா சாப்பிடுறதையே நிறுத்திடும்னு துறை சொல்லுது. அதுக்காக மந்தமா இருக்குனு ஓரமா புகுந்து போயிடலாம்னு நினைக்காதீங்க. பூங்காவோட விதி 15 அடி, அதாவது நாலரை மீட்டர் தள்ளி நிக்கணும்னு, நான் அதைப்போல ரெண்டு மடங்கு வெச்சுக்குவேன். நிறுத்துங்க, காத்திருங்க, அதுவே இறங்கிப் போகும். முதலைக்கும் அதோட தண்ணிக்கும் நடுவுல மட்டும் போகாதீங்க, அது தப்பிக்கப் போற வழி அதுதான். வாயைத் திறந்து வெச்சு சும்மா கிடந்தா உடம்புச் சூட்டைத் தணிக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், ஆனா உங்களைப் பாத்து உஸ்ஸுன்னு சீறினா ரொம்பக் கிட்ட போயிட்டீங்க, முகத்தைத் திருப்பாம மெதுவா பின்னாடி வாங்க. மஞ்சள் கோடு போட்ட சின்னக் குட்டிங்க கண்ணுல பட்டா, இல்ல புல்லுக்குள்ள இருந்து கீச்சு கீச்சுன்னு முனகல் கேட்டா, எவ்வளவு ஆசையா இருந்தாலும் நிக்காம போயிடுங்க. தாய் பக்கத்துலயே இருக்கும், ஒரு வருஷம் வரைக்கும் கூட காவல் காக்கும், குட்டிங்க இல்லாத நேரத்துல பூனைக்குட்டி மாதிரி சாதுவா கிடக்கிற அதே முதலை அப்ப வேற மிருகம். அப்புறம் தீனி போடுறது. சட்டப்படி குற்றம்ங்கிறதைவிட முக்கியம், தீனி வாங்கிப் பழகின முதலை மனுசனைப் பாத்தா விலகாம கிட்ட வர ஆரம்பிக்கும், அப்புறம் அதைப் பிடிச்சுக் கொல்றதைத் தவிர வேற வழி இல்லாமப்போகும். உங்களுக்கு முன்னாடி யாராவது ரொட்டி போட்டிருந்தா விளைவு உங்க மேல வரும், நீங்க போட்டா உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க மேல வரும். நாய் வளக்கிறீங்கன்னா தயவுசெஞ்சு கூட்டிட்டு வராதீங்க, நாய் அதோட வழக்கமான இரை அளவுல இருக்கு.

எல்லாத்தையும் மீறி முதலை கவ்வினா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கீழ கேட்டிருந்தார். எதிர்த்துப் போராடணும், சும்மா இருக்கக்கூடாது. கண்ணு, மூக்குநுனி ரெண்டுலயும் கையில கிடைச்சதால அடிச்சு, கத்தி, அது விட்டதும் தண்ணியை விட்டு விலகணும். காயம் சின்னதாத் தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், முதலை வாயில இருக்கிற கிருமி சாதாரணமானது இல்ல.

இப்ப மே மாசம். என் கருத்தைக் கேட்டா, வேண்டாம். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் முதலைக்கு இணை தேடுற காலம், நடமாட்டமும் முறைப்பும் அதிகம், ஜூன் கடைசி, ஜூலைல முட்டை போடும், குட்டி வெளிய வர்றது ஆகஸ்ட் நடுவுல இருந்து. அதைவிடப் பெரிய காரணம் மழைக்காலம் மே நடுவுலயே ஆரம்பிச்சிடும், மதியம் ஆனா இடி மின்னலோட கொட்டும், சமதரையில ரெண்டு பக்கமும் தண்ணி இருக்கிற மேட்டு ரோட்டுல உலோகச் சைக்கிளோட மாட்டிக்கிட்டா ஒதுங்க ஒரு கூரை கிடையாது. காலைல கூட புழுக்கம் தாங்காது. மாட்டு ஈ மே, ஜூன்லதான் உச்சம், சைக்கிள் வேகத்துக்கு ஈடா கூடவே பறந்து வந்து ஹெல்மெட் ஓட்டை வழியா கடிக்கும், தலையைத் தட்டிக்கிட்டே ஒத்தைக் கையில ஓட்டுவீங்க, அது எதுல போய் முடியும்னு மேல சொன்னதை வெச்சு நீங்களே யோசிச்சுக்கலாம். கோடை முழுக்க கொசு. மழை வலுத்துட்டா லூப் ரோடு மேலயே தண்ணி ஓடும், சில சமயம் மூடியும் வைப்பாங்க. தண்ணி மூடின ரோட்டுல ரோடு எங்க முடியுது, கால்வாய் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது, முழங்காலளவுதானேன்னு இறங்காதீங்க, திரும்பிடுங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் உள்ள காலம்தான் இதுக்கு ஏத்தது.

சிறுத்தைன்னு நீங்க கேட்டது ஃப்ளோரிடா பேந்தர், அது பூமா இனம், புள்ளி கிடையாது, வெறும் பழுப்பு நிறம். வளந்ததுங்க மொத்தமே 120ல இருந்து 230 வரைக்கும்தான்னு மதிப்பீடு, காட்டுக்குள்ள ஒவ்வொண்ணா எண்ண முடியாததாலதான் எண்ணிக்கை இவ்வளவு அகலமா இருக்கு. 1990கள்ல இன்னும் ரொம்பக் குறைஞ்சு, உள்ளுக்குள்ளயே இனப்பெருக்கம் ஆகி இதயக்கோளாறு, மலட்டுத்தன்மைன்னு அழியற நிலைக்கு வந்துச்சு, 1995ல டெக்சாஸ்ல இருந்து எட்டுப் பெண் பூமாவைக் கொண்டு வந்து விட்டதுக்கப்புறம்தான் தேறிச்சு. ஃப்ளோரிடால இது மனுசனைத் தாக்கினதா நவீன காலத்துல உறுதியான பதிவு எதுவும் இல்ல, இது நிச்சயம். ஆனா அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இதே இனம் சைக்கிள்காரங்களைக் கொன்னிருக்கு, 2004ல கலிஃபோர்னியாவுல, 2018ல வாஷிங்டன் மாநிலத்துல. அதனால இங்க நடக்கவே நடக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாத்தா திரும்பி மிதிச்சு ஓடாதீங்க, இறங்கி, சைக்கிளை நடுவுல வெச்சுக்கிட்டு, நிமிந்து நின்னு, கண்ணை எடுக்காம சத்தமா பேசிட்டே பின்னாடி நகருங்க. நிஜத்துல பேந்தர்களைச் சாகடிக்கிறதுல முதலிடம் வண்டிங்கதான், அதனால காரை ஓட்டிட்டு அங்க போகும்போது, முக்கியமா ராத்திரி, வேக வரம்பை மதிச்சு ஓட்டுங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கிறேன்.

கருங்கரடி இருக்கு, பெரும்பாலும் உங்களுக்கு முன்னாடி அதுவே ஓடிடும். சைக்கிள்ல இருக்கிற தனிச் சிக்கல், சத்தமே இல்லாம வேகமா வந்து நிப்போம், 2016ல மொன்டானாவுல ஒருத்தர் வளைவுல திரும்பும்போது கிரிஸ்லி கரடி மேலயே மோதி உயிரை விட்டார். அது வேற, இன்னும் மூர்க்கமான இனம், இருந்தாலும் மறைவான திருப்பத்துல மணி அடிக்கிறது நல்ல பழக்கம். பாம்புல கவனிக்க வேண்டியது காட்டன்மவுத்ங்கிற விஷப்பாம்பு, தடிச்ச உடம்பு, விலகிப் போகாம நின்ன இடத்துல வெள்ளை வாயைத் திறந்து காட்டும். டைமண்ட்பேக், பிக்மின்னு ரெண்டு கிலுகிலுப்பைப் பாம்பு, பவளப்பாம்பு இதுங்களும் உண்டு. சாயங்காலம் சூடா இருக்கிற சரளை மேல வந்து படுக்கும், அதனால இருட்டுறதுக்கு நல்லா முன்னாடியே ஓட்டத்தை முடிச்சிடுங்க, முதலையும் அந்தியில இருந்து விடியற வரைக்கும்தான் சுறுசுறுப்பு. கடிச்சா கீறி விடுறது, உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் கூடாது, மோதிரம், வாட்ச் கழட்டிட்டு, கை காலை அசைக்காம, 911 கூப்பிட்டு ஆஸ்பத்திரி போறது ஒண்ணுதான். பர்மிய மலைப்பாம்பைப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, விஷம் கிடையாது, உங்க பக்கம் வரவும் வராது. ஆனா அது இந்தக் காட்டுக்குப் பண்ணின நாசம் மனசை உடைக்கும். வளத்தவங்க விட்டதுல இருந்து பெருகி, 2012ல வெளியான ஆய்வுல எவர்கிளேட்ஸ்ல ரக்கூன் கண்ணுல படுறது 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சுன்னு காட்டினாங்க. முந்தி ரோட்டோரம் சாதாரணமா திரிஞ்ச சின்ன மிருகங்க இப்ப இல்லாததோட காரணம் இதுதான்.

மரத்துல ஒண்ணே ஒண்ணு. பாய்சன்வுட்னு ஒரு மரம், பட்டையில கறுப்புத் திட்டு திட்டா எண்ணெய் வடிஞ்ச மாதிரி இருக்கும். மா, முந்திரி குடும்பம்தான், முந்திரிக்கொட்டைப் பால் பட்டா தோல் வெந்துபோறது ஊர்ல பாத்திருப்பீங்க, அதே மாதிரி வேலை செய்யும். நிழலுக்கு ஒதுங்கி சைக்கிளைச் சாத்துறதுக்கு முன்னாடி மரத்தைப் பாருங்க.

சைக்கிள் விஷயத்துல 40 மில்லிமீட்டருக்குக் கம்மியான டயர் போட்டுட்டு வராதீங்க, 42, 45 இருந்தா இன்னும் நிம்மதி, டியூப்லெஸ் பண்ணி காத்தைக் குறைச்சு ஓட்டுங்க. மலை இல்லாததால சுலபம்னு நினைப்பாங்க, ஆனா சமதரைல இறக்கமே கிடையாது, மிதிக்கிறதை நிறுத்தவே முடியாது, மணிக்கணக்கா ஒரே பொசிஷன்ல உக்காந்து உடம்பு கடுக்கும், வடகாத்து எதிர்ல அடிச்சா அதுவே மலை ஏறுற மாதிரிதான். மழை பெஞ்ச மறுநாள் ரோட்டுக்குழில நிக்கிற பால் கலர் தண்ணி சுண்ணாம்புக்கரைசல், செயின், பிரேக்ல எல்லாம் ஒட்டி காஞ்சா கெட்டியாயிடும், அன்னைக்கே கழுவிடணும். அந்தக் குழம்பு பிரேக் பேடை அரம் மாதிரி தேய்க்கும், ரெசின் பேட் ஒரே ஈர நாள்ல காலியாகிறது உண்டு, அதனால உலோகப் பொடியை அழுத்திச் செஞ்ச சின்டர்டு பேட் போடுங்க, கூட ஒரு ஜோடி பையில வெச்சுக்கோங்க. பிரேக் பிடிக்கலன்னா நீங்க போய் நிக்கிற இடம் கால்வாய்.

குடிதண்ணி வழியில எங்கயும் கிடையாது. சதுப்புத் தண்ணியைக் குடிக்கலாம்னு யோசிக்கவே வேண்டாம். குளிர்காலத்துல கூட லூப் ரோட்டுக்கு மூணு லிட்டர் குறைஞ்சபட்சம், உப்புச் சத்து கலந்து. இந்த ரோடுகள்ல என் கண்ணு முன்னாடி ஆள் முடியாமப்போய் உக்காந்தது எல்லாமே வெயில், தண்ணிப் பத்தாக்குறை, விழுந்து அடிபட்டதுன்னுதான், மிருகத்தால ஒருத்தர் கூட இல்ல. ஃபோன் சிக்னல் பெரும்பாலான இடத்துல வராது. தனியா போறதா இருந்தா சாட்டிலைட் மூலமா செய்தி அனுப்புற கருவியோ, ஐபோன் 14 இல்ல அதுக்கு அப்புறம் வந்தது இருந்தா அதுல இருக்கிற சாட்டிலைட் அவசர வசதியோ எப்படின்னு வீட்டுலயே பழகிட்டுப் போங்க. எந்த ரோடு, எத்தனை மணிக்குத் திரும்பி வந்துடுவேன், வரலன்னா யாரைக் கூப்பிடணும்னு வீட்டுல எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க, அவங்க பயத்துல பாதி அதுலயே குறையும். நவம்பர், டிசம்பர்ல துப்பாக்கி வேட்டை சீசன் வரும், பிக் சைப்ரஸ்ல வேட்டை அனுமதி உண்டு, பளிச்சுன்னு ஆரஞ்சு சட்டை போடுங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா, முதல்ல ஷார்க் வேலி. அது தார் ரோடு, 15 மைல் சுத்து, டிராம் வண்டியைத் தவிர தனியார் கார் கிடையாது, ஆள் நடமாட்டம் எப்பவும் இருக்கும், முதலை ரோட்டோரமாவே படுத்திருக்கும். குடும்பத்தோட போங்க, அங்கயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், பாத்ததும் வீட்டுல அவங்களுக்கே புரிஞ்சிடும். குழந்தைங்க ஓட்டினா தண்ணிப் பக்கம் நீங்க இருங்க. அது பழகினதும் டர்னர் ரிவர், வேகன்வீல், பர்டன் மூணு ரோடும் சேர்ந்த 17 மைல் சுத்து, முழு கிராவல், தொடங்கின இடத்துக்கே வந்து சேரலாம், ஃபோர்ட் மையர்ஸ்ல இருந்து பக்கமும் கூட. சைக்கிளுக்கு இதுதான் எனக்குப் பிடிச்சது, பிக் சைப்ரஸுக்கு நுழைவுக்கட்டணமும் கிடையாது. வேற ஒரு நாள் ஃபகாஹாட்சி ஸ்ட்ராண்ட்ங்கிற சதுப்புக்காட்டுல ஜேன்ஸ் டிரைவ்னு ஒரு ரோடு, 1940கள், 50கள்ல சைப்ரஸ் மரம் வெட்டி ரயில்ல ஏத்தின இடம், பெருமரங்க போனதுக்கப்புறமும் காடு எப்படி மீண்டு வந்திருக்குன்னு கண்ணால பாக்கலாம். லூப் ரோட்டைக் கடைசில வெச்சுக்கோங்க. 24 மைல் வரும், கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் தார், மிச்சம் சரளை. பேருதான் லூப், ரெண்டு முனையும் டமியாமி டிரெயில்லதான் போய்ச் சேரும், சுத்தை முடிக்கணும்னா மணிக்கு 60 மைல்ல வண்டி பறக்கிற அந்த ரோட்டுல ஓட்டணும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பாதி தூரம் போய் வந்த வழியே திரும்புங்க, இல்லன்னா ரெண்டு கார் வெச்சு ஒண்ணை அந்தப் பக்க முனைல விட்டுடுங்க. நடைபயணத்துக்குன்னு ஒதுக்கின ஃப்ளோரிடா டிரெயிலுக்குள்ள சைக்கிளைக் கொண்டுபோகாதீங்க.

ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். 1968ல இந்தச் சதுப்பு நடுவுல உலகத்துலயே பெரிய விமான நிலையம் கட்ட ஆரம்பிச்சாங்க, ஒரு ஓடுபாதை போட்டும் முடிச்சாங்க. அதை எதிர்த்து வேட்டைக்காரங்க, அங்கத்துப் பழங்குடியான மிக்கசூக்கி மக்கள், சுற்றுச்சூழல்காரங்க எல்லாரும் ஒண்ணா நின்னதாலதான் 1974ல பிக் சைப்ரஸ் பாதுகாக்கப்பட்ட இடமாச்சு, இன்னைக்கு நீங்க ஓட்ட ஒரு ரோடும் அதுல கிடக்க முதலையும் மிஞ்சியிருக்கு. மே லீவுல வேற எங்கயாவது குடும்பத்தோட போயிட்டு வாங்க, டிசம்பர்ல முதல் குளிர் அடிச்சு ரெண்டு நாள் கழிச்சு ஷார்க் வேலி போங்க. உங்க சைக்கிள்ல டயர் எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் ஏறும், பிரேக் டிஸ்க்கா ரிம்மான்னு கீழ எழுதுங்க, என்ன மாத்தணும்னு பாத்துச் சொல்றேன்.